விழும் சுவரும் தட்டைச் சுவரொட்டியும்

சுவரொட்டி என்ற சொல்லே அதன் இயல்பை வரையறுத்துவிடுகின்றது எனக் கருதுவோர் பலர். சுவரில் ஒட்டப்படுவது தட்டையானது. தட்டையானதற்கு நீளமும் அகலமும் போதும். ஆழம் என்பது ஓவியன் கண்ணுக்குக் காட்டும் ஒரு மாயமே என்பது அவர்களது வாதம். பெரும்பாலான திரைப்படங்களைப் பொறுத்தவரை இவ்வாதம் பிழையானதன்று. ஒரு காதற் கதைக்கோ குடும்பக் கதைக்கோ தட்டையான சுவரொட்டி பெருந்தீங்கு எதனையும் செய்துவிடாது. ஆனால், பழைய மௌனப்பட நகைச்சுவைகளுள் ஒரு வகையினவற்றுக்கு அது உண்மையாகவே தீங்கிழைக்கின்றது. அவற்றின் நகைச்சுவை, மனித உடலொன்றுக்கும் அதனைச் சூழ்ந்துள்ள பொருள்களுக்கும் இடைப்பட்ட தூரத்திலே தங்கியுள்ளது. அத்தூரத்தை அகற்றிவிட்டு அப்படங்களை விளம்பரஞ் செய்வது, சந்தத்தை அகற்றிவிட்டுச் சிந்துப் பாடலை அச்சிடுவதற்கு ஒப்பானதாகும்.

இதனைப் பொதுப்பட விவாதிப்பதிற் பயனில்லை. ஒரு படத்தை முன்வைத்து நோக்குவதே தகும். பஸ்டர் கீற்றன் நடித்து 1928ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' அதற்கு மிகப் பொருத்தமானது. நதியில் ஓடும் பழைய நீராவிப் படகொன்றின் முரட்டுத் தலைவன், படிப்பை முடித்துக்கொண்டு வந்துசேரும் அவனது மெலிந்த மகன், புதிய படகொன்றைக் கொண்டு அவர்களது பிழைப்பைக் கெடுக்கும் செல்வந்தன், அச்செல்வந்தனின் மகள். கதை இவ்வளவுதான். படத்தின் உயிர் இறுதிப் பகுதியில் வீசும் சூறாவளியிலே உள்ளது. கலிபோர்னியாவின் சாக்கிரமென்ரோ நதிக்கரையில் ஒரு சிறு நகரத்தையே கட்டியெழுப்பி, விமான இயந்திரங்களாற் சுழற்றப்பட்ட பெருங் காற்றாடிகளைக் கொண்டு அதனைச் சிதைத்தனர். முதலிலே பெருவெள்ளக் காட்சியே திட்டமிடப்பட்டிருந்தது. 1927ஆம் ஆண்டின் மிசிசிப்பி வெள்ளம் விளைத்த அழிவின் நினைவு மாறாதிருந்த வேளையில் வெள்ளத்தை வேடிக்கையாக்குவது தகாது என்பதால் அது சூறாவளியாக மாற்றப்பட்டது.

அச்சூறாவளியின் நடுவே இளைஞன் தெருவில் நிற்கின்றான். அவனது முதுகுப்புறத்தே ஒரு வீடு. அவ்வீட்டின் முகப்புச் சுவர் அடியிலிருந்து பிரிந்து, முழுமையாக, அவன் மேல் விழுகின்றது. மேல்மாடியில் திறந்துகிடந்த யன்னலின் வெளி அவன் நின்ற இடத்தில் வந்து பொருந்துவதால் அவன் உயிர் தப்புகின்றான். சில கணங்கள் எதுவும் நிகழாதவன்போல நிற்கின்றான், பின்னரே ஓடுகின்றான். இக்காட்சியிற் படத்தொகுப்புத் தந்திரமோ, இருமுறை ஒளிப்பதிவோ, பதில் நடிகரோ இல்லை. சுவர் ஏறத்தாழ இரண்டு தொன் எடையுடையது எனப் பல நூல்கள் குறிப்பிடுகின்றன. தலைக்கும் தோளுக்கும் விடப்பட்டிருந்த இடைவெளி சில அங்குலங்களே. கீற்றன் நிற்க வேண்டிய இடத்தை ஓரடி தவறியிருந்தால் அவரது வாழ்க்கை அன்றே முடிந்திருக்கும்.

இந்த நகைச்சுவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1919இல் வெளிவந்த 'பாக் ஸ்டேஜ்' என்ற குறும்படத்தில் இதே நிகழ்ச்சி நாடக மேடையொன்றில் இடம்பெற்றது. அங்கு விழுந்தது ஓவியந் தீட்டிய காட்சித் தட்டி. அதன் கீழ் நின்றவர் ஆபக்கிள். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'வன் வீக்' படத்தில் விழுந்தது, பிழையாகப் பொருத்தப்பட்ட வீடொன்றின் சுவர்; கீழ் நின்றவர் கீற்றன். 1928இல் அது எடை முழுவதுங் கொண்ட கட்டடச் சுவராயிற்று. தட்டியில் தொடங்கிய நகைச்சுவை ஒன்பது ஆண்டுகளிற் கனமும் ஆழமும் பெற்று வளர்ந்துள்ளது. இன்றைய சுவரொட்டிக்காரர் அதனை மீண்டும் தட்டியாக்குகின்றனர். குற்றச்சாட்டின் சாரம் இதுவே.

இன்று பழைய நகைச்சுவைப் படங்களைத் திரையிடும் கழகங்களும் விழாக்களும் வெளியிடும் சுவரொட்டிகளை நோக்குவோர் ஓர் ஒற்றுமையைக் காணலாம். சப்ளின் என்றால் ஒரு மீசையும் கைத்தடியும். லோயிட் என்றால் ஒரு வட்ட மூக்குக்கண்ணாடி. கீற்றன் என்றால் தட்டையான ஒரு தொப்பி. மங்கிய மஞ்சள் நிறப் பின்னணியில் இச்சின்னங்களுள் ஒன்றை வைத்துவிட்டால் வடிவமைப்பு நிறைவெய்தியதாகக் கொள்ளப்படுகின்றது. எந்தப் படத்துக்குரிய சுவரொட்டி என்பதை அறிய எழுத்துகளை வாசிக்க வேண்டியுள்ளது. 'மொடேர்ன் ரைம்ஸ்' (1936) தொழிற்சாலையின் அசுர வேகத்தில் ஒரு தொழிலாளி நிலைகுலைவதைக் காட்டும் படம். 'த கோல்ட் றஷ்' (1925) பசியைப் பற்றிய படம். இரண்டுக்கும் ஒரே மீசை போதுமென்றால் அச்சுவரொட்டி படத்தைப் பற்றியதன்று, ஒரு வணிக முத்திரையைப் பற்றியது.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்துக்குத் தட்டைத் தொப்பியைச் சின்னமாக்குவது இன்னும் ஒரு படி மேலான அறியாமையாகும். அப்படத்தில் தந்தை மகனைத் தொப்பிக் கடைக்கு அழைத்துச் செல்லும் காட்சியொன்று உண்டு. தொப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவன் தலையில் ஏறி இறங்குகின்றன. அவற்றிடையே கீற்றனின் புகழ்பெற்ற தட்டைத் தொப்பியும் ஒரு கணம் வந்துசேர்கின்றது. அவன் திடுக்கிட்டு அதனை அவசரமாக அகற்றிவிடுகின்றான். தன் முத்திரையைத் தானே நகையாடி விலக்கிய கலைஞனின் படத்துக்கு அம்முத்திரையையே நெற்றியில் ஒட்டிவிடுபவர்கள் படத்தைப் பார்த்தார்களா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இரண்டாவது சாரார் சற்றே நுட்பமானவர்கள். ஆழம் வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். ஆனால், அதனைக் கணினியின் உதவியால் பெற்றுவிடலாம் என்கின்றனர். அடுக்கடுக்காக வெட்டிய கடதாசி போன்ற தோற்றம், ஒவ்வோர் அடுக்கின் கீழும் மெல்லிய நிழல், விளிம்புகளிற் கத்தி பட்டது போன்ற சிறு பிசிறு ஆகிய யாவும் இன்று சில நிமிடங்களில் வரையப்பட்டு அச்சாகின்றன. கண் மயங்கிவிடுகின்றது என்பது மெய். எனினும் அந்நிழல் காலையிலும் மாலையிலும் ஒரே பக்கத்தில் விழுகின்றது. பார்ப்பவன் இடம் மாறினாலும் அது மாறுவதில்லை. தலையை இடப்புறம் சாய்த்துப் பார்த்தால் மறைந்திருந்தது எதுவும் வெளித்தெரிவதில்லை. வேறொரு படத்துக்கு இத்தகைய பொய் பொருத்தமானதாகவும் இருக்கலாம். தந்திரம் எதுவுமின்றி உண்மையான சுவரின் கீழ் உண்மையான உடலை நிறுத்திய படத்துக்குப் பொய்யான நிழலைச் சூட்டுவது அப்படத்தின் அடிப்படையையே மறுப்பதாகும்.

இது வெறும் அழகியற் பிணக்கன்று. திரையிற் காணப்படும் எதனையும் கணினி உருவாக்கியிருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே இன்றைய மாணவன் திரையரங்கினுள் நுழைகின்றான். கட்டடங்கள் சரிவதையும் நகரங்கள் மூழ்குவதையும் அவன் கொட்டாவியுடன் பார்க்கப் பழகியுள்ளான். கீற்றனின் சுவர் விழும்போதும் 'அக்காலத்திலேயே நல்ல தந்திரம் செய்திருக்கின்றார்கள்' என்று கூறிவிட்டு அமர்ந்திருப்பானாயின், அப்படத்தின் சிரிப்பும் அச்சமும் அவனைச் சென்றடையவில்லை. அச்சுவரை அறுத்து இணைத்த தச்சர்களின் உழைப்பும், ஆணி அடித்துக் குறித்த இடத்தில் நின்ற நடிகனின் துணிவும் அவன் கணக்கில் வருவதில்லை. படத்தைக் காணுமுன் அவன் காண்பது சுவரொட்டியை. எடை என்றால் எடை, இடைவெளி என்றால் இடைவெளி என்ற நம்பிக்கையை அங்கேயே அவனுக்கு ஊட்டுதல் வேண்டும்.

கையால் ஆக்கப்பட்ட முப்பரிமாணச் சுவரொட்டி வேண்டும் என்பதற்குரிய நியாயம் இதுவே. கைவேலை என்பதனாலேயே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடும் என்ற நியாயம் இங்கு முன்வைக்கப்படவில்லை. மினுக்குத் தாள்களும், பஞ்சினாற் செய்த முகில்களும், றெஜிபோமிற் செதுக்கிய பெருந்தொப்பியும் கொண்டு, மூன்று இரவுகள் கண்விழித்துச் செய்யப்பட்ட சுவரொட்டிகளும் உள்ளன. அவற்றில் உழைப்பு இருக்கின்றது, படம் இல்லை. உழைப்பைக் கண்டு மனமிரங்கிப் பாராட்டுவது நண்பர்களின் கடமையாகலாம், விமரிசனத்தின் கடமையாகாது. உருவம் உள்ளடக்கத்திலிருந்து பிறத்தல் வேண்டும் என்ற கொள்கையை இலக்கியத்துக்கு வற்புறுத்துவோர் மண்டப வாயிலில் வைக்கப்படும் ஒரு மட்டைக்கும் அதே கொள்கையை வற்புறுத்தத் தயங்குவானேன்?

தட்டையான சுவரொட்டியே சிறுமையுடையது என்றும் இதனாற் பொருள்படாது. சோவியத் நாட்டின் ஸ்ரென்பேர்க் சகோதரர்கள் 1920களிலும், தம்பி கியோர்கி 1933இல் மறையும் வரையும் படைத்த சுவரொட்டிகள் இத்துறையின் சிகரங்கள். கீற்றனின் 'த ஜெனரல்' படத்துக்கும் அவர்கள் சுவரொட்டி செய்துள்ளனர். படச்சுருளின் சட்டங்களைப் பெருப்பித்தும் கோணலாக்கியும் காட்டவல்ல ஒரு கருவியைத் தாமே அமைத்து, சாய்கோடுகளாலும் திரிந்த கோணங்களாலும் தட்டைத் தாளை நிலைகுலையச் செய்தனர். ஆழம் தம்மிடம் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவே அவர்களது கோடுகளை வளைத்தது. இன்றைய தொப்பிச் சுவரொட்டியின் அமைதியான தட்டைத்தன்மையில் அத்தகைய அறிவின் சுவடு எதுவுமில்லை. ருமேனியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஷாக் கப்ராலிக் என்பவர் 1940களில் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காகக் கடதாசி, துணி முதலியவற்றால் நடிகர்களின் கேலி உருவங்களைப் புடைப்பாக அமைத்து, அவற்றை விளம்பரங்களாக்கினார். மக்கள் கைக்கு வந்தது அச்சடித்த தாளே. ஆயினும் அதில் இருந்தது விளக்கொளி உண்மையான பொருளொன்றின் மீது பட்டு விழுத்திய நிழல். அதனை ஒரு சாட்சியம் எனலாம். கணினி நிழலுக்கு அத்தகுதி இல்லை. ஆயினும் கப்ராலிக்கின் உருவங்களும் பெரும்பாலும் முகங்களைப் பற்றியவையே. நட்சத்திரங்களை விற்ற நிறுவனம் ஒன்றிடம் வேறெதனையும் எதிர்பார்ப்பதற்கில்லை. கீற்றன் தம் சுயாதீனத் தயாரிப்பைக் கைவிட்டு அந்நிறுவனத்திற் சேர்ந்ததும் 1928இல்தான் என்பதும், அதனையே தம் வாழ்வின் பெருந்தவறாக அவர் பின்னர் குறிப்பிட்டார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

தமிழ் நாட்டின் கட்-அவுட்டுகளைச் சுட்டி, 'இது எமக்குப் புதிதோ?' என்று வினவுவோரும் உளர். பல பத்தடி உயரத்துக்கு எழுப்பப்பட்ட நாயகர்களின் உருவங்கள் சென்னைத் தெருக்களை நீண்ட காலம் ஆண்டன. அவற்றை வரைந்தோரின் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அவற்றுக்கு உயரம் உண்டே தவிர ஆழம் இல்லை; பக்கவாட்டில் நின்று நோக்கினால் மரச்சட்டங்களே தெரியும். அவை நாயகனைக் கட்டடங்களிலும் பெரியவனாக்கின. கீற்றனின் நகைச்சுவையோ மனிதனைக் கட்டடத்தின் முன் சிறியவனாக நிறுத்தி, அவனுக்கும் அதற்கும் இடையில் இரண்டங்குலத்தை மட்டும் விட்டுவைப்பது. அளவு பற்றிய இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணானவை.

இனி, அத்தகைய சுவரொட்டி எவ்வாறு அமையலாம் என்பது. படத்தின் நகைச்சுவை ஒரு கீலின் மீது சுழல்கின்றது. எனவே சுவரொட்டியும் ஒரு கீலின் மீது சுழல வேண்டும். ஒரு மேசைமேற் கிடையான அடித்தட்டு. அதன் பின்விளிம்பில், அமெரிக்கச் சுவரொட்டிகளின் பழைய அளவான 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமுங் கொண்ட பின்தட்டில் புயல் வானம். பின்தட்டுக்குச் சற்று முன்னே, அடித்தட்டில் சீலைக் கீலால் இணைக்கப்பட்ட வீட்டு முகப்பு. அதன் முன்னே மனிதன். ஓரடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு வைத்துக்கொள்வது வசதியானது. அவ்வாறாயின் ஐந்தரை அடி மனிதன் ஐந்தரை அங்குலமாவான்.

இங்குதான் கைவேலை செய்பவனுக்குப் படம் முதன்முறையாகப் புரியத் தொடங்கும். மனிதன் கீலிலிருந்து 12 அங்குலம் முன்னே நிற்கின்றான் எனக் கொண்டால், யன்னலைச் சுவரில் 12 அங்குல உயரத்தில் வெட்டினாற் போதும் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். அவ்வாறு சிறிதாக வெட்டிய சுவரை விழுத்திப் பார்த்தால் அது அவன் தலையில் மோதும். காரணம் எளிது. கால் இருக்கும் இடம் கீலிலிருந்து 12 அங்குலம். ஐந்தரை அங்குல உயரத்தில் உள்ள உச்சந்தலையோ கீலிலிருந்து 13.2 அங்குலம். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் அது. பைதகரசின் தேற்றம் அறிந்த எவரும் கணித்துக்கொள்ளலாம். சுவர் விழும்போது தலையே முதலில் யன்னலினுள் நுழைகின்றது, கால் இறுதியிலே நுழைகின்றது. ஆகவே யன்னலின் கீழ்விளிம்பு 12 அங்குலத்துக்குச் சற்றுக் கீழும், மேல்விளிம்பு 13.2 அங்குலத்துக்குச் சற்று மேலும் இருத்தல் வேண்டும். உடலின் தடிப்பையும் சுவரின் தடிப்பையும் அதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். கீற்றனின் தச்சர்கள் தீர்த்தது இதே கணக்கை. அவர்களது கணக்கில் ஒரு பிழை நேர்ந்திருந்தால் அழிந்திருக்கக்கூடியது மட்டையன்று. திரையில் சில விநாடிகளிற் கடந்துபோகும் இவ்வுண்மையைக் கத்தியும் அளவுகோலும் கைக்கொண்டவன் ஒரு பிற்பகல் முழுவதும் அனுபவிக்கின்றான். கணினித் திரையில் நிழல் வரைபவனுக்கு இந்த மோதல் நேர்வதேயில்லை. அவனது யன்னல் எங்கிருந்தாலும் மனிதன் பிழைத்துக்கொள்வான்.

பொருளைத் தெரிவதிலும் இதே நேர்மை வேண்டும். றெஜிபோம் வெட்டுவதற்கு இலகுவானது; ஆனால் அதனாற் செய்த சுவர் காற்றில் மிதந்து மெல்ல இறங்குமேயன்றி விழாது. தடித்த மட்டையை மூன்று நான்கு படையாக ஒட்டி, மேல்விளிம்பினுள்ளே மெல்லிய இரும்புப் பட்டமொன்றைச் செருகினால் 'தட்' என்ற ஒலியுடன் விழும். அவ்வொலி கேட்டு வாயிலிற் செல்வோர் திரும்பிப் பார்ப்பர். மௌனப்படத்துக்குரிய சுவரொட்டிக்கு அது ஒரு சிறு முரணாகினும் வரவேற்கத்தக்க முரணே. வீட்டு முகப்பின் கிடைப்பலகைகளைப் பிறிஸ்டல் போட்டிலிருந்து தனித்தனியே வெட்டி ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு ஒட்டினால், யன்னலூடாக வரும் மாலை வெயில் ஒவ்வொரு பலகையின் கீழும் தனக்குரிய கோட்டை வரைந்துகொள்ளும். மனிதனுக்கு முகம் தீட்ட வேண்டியதில்லை. சிரிக்காத முகத்துக்காகவே 'கல்முகம்' எனப் பெயரெடுத்தவர் கீற்றன். ஐந்தரை அங்குல மட்டையில் அம்முகத்தைத் தேடுவதைக் காட்டிலும், தோள்கள் தொய்ந்து நிற்கும் நிலையைச் சரியாக வெட்டுவதே முக்கியம்.

ஒரேயொரு பிரதி மட்டுமே உள்ள பொருள் எவ்வாறு சுவரொட்டியாகும் என்ற ஆட்சேபம் வலுவுடையது. வால்ற்றர் பென்யமின் 1930களில் எழுதிய கட்டுரையை மேற்கோள்காட்டி, தனிப்பொருளின் புனித ஒளியை மீட்கவே கைவேலை உதவும் என்று சிலர் விடையளிக்கலாம். அவர்கள் அக்கட்டுரையைத் தலைகீழாக வாசித்தவர்கள். இயந்திர மறுவாக்கத்தால் அவ்வொளி மங்குவதிலே பென்யமின் ஒரு விடுதலையையும் கண்டார். அதற்கு அவர் சுட்டிய தலையாய கலைவடிவம் திரைப்படமே. கையாற் செய்த சுவரைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்து வணங்குவதற்கு அவரைத் துணைக்கழைக்க இயலாது. சரியான விடை வேறு. அளவுகள் குறித்த வரைபடத்தை ஒரே தாளில் அச்சிட்டு விரும்பிய எவருக்கும் கொடுத்துவிடலாம். வெட்டி ஒட்டி நிறுத்திக்கொள்ளும் உழைப்பு அவரவருடையது. விடுதிக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, நூலக வாயிலுக்கு ஒன்று எனச் சுவர்கள் பெருகலாம். பத்துப் பேர் வெட்டினால் அவற்றுள் இரண்டில் யன்னல் தவறும். அவ்விரண்டையும் அகற்றாது வைப்பதே நல்லது. தப்பியதன் அருமை தப்பாததன் அருகில் வைக்கப்படும்போதே தெளிவாகும்.

எஞ்சியிருப்பது சுவரை நிறுத்திவைப்பதா, விழுத்திவைப்பதா என்ற கேள்வி. நிறுத்திவைத்தால் அது ஒரு வீட்டின் மாதிரி மட்டுமே. விழுத்திவைத்தால் நிகழ்ந்து முடிந்ததொன்றின் அறிக்கை. பாதி சரிந்த நிலையில் நூலாற் கட்டித் தொங்கவிடுவதை அழகியல் நாட்டமுடையோர் விரும்பக்கூடும். ஆனால் நூல் தெரியும், தெரிந்ததும் தந்திரம் நினைவுக்கு வரும். பார்ப்பவன் தன் கையாலேயே சுவரை விழுத்துதல் வேண்டும். திரையிடும் நாளையும் நேரத்தையும் இடத்தையும் சுவரின் உட்புறத்தில் எழுதிவிட்டால், அவற்றை அறிய விரும்புவோன் அதனை விழுத்தியே தீர வேண்டும். யன்னலூடாகத் தலைநீட்டி நிற்கும் மனிதனைச் சுற்றி, மல்லாந்து கிடக்கும் சுவரில் அவன் அதனை வாசிப்பான். விரிவுரைக்கு விரைவோர் பொருட்டுப் பின்தட்டின் ஓரத்திலும் சிறிதாக எழுதிவைப்பதில் தவறில்லை. வாசித்தபின் சுவரை நிமிர்த்திவிடுவது அடுத்து வருபவனுக்குச் செய்யும் மரியாதை. அதனை எவரும் எழுதிவைக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு நூறு தடவை விழும் சுவரின் கீல் நெடுநாள் தாங்காது. புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் சீலையில் இரண்டு முழமும் ஒரு போத்தல் பசையும் மேசையின் கீழ் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.